ஓவெர்ன் எரிமலைப் பகுதியில் நான்கு நாள் மிதிவண்டிப் பயணம்: எங்கே தங்கலாம், எந்த கியர் வேண்டும்?

சாலைப்பயணி

நண்பர்களுக்கு வணக்கம். பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள ஓவெர்ன் எரிமலைப் பகுதிக்கு ஜூன் மாதக் கடைசியில் நான்கு நாள் ரோடு பைக்கோடு செல்ல எண்ணியிருக்கிறேன். லியோனில் வசிக்கிறேன், வயது 46. வார இறுதிகளில் பக்கத்துக் குன்றுகளில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழகியிருக்கிறேன் என்றாலும், உண்மையான மலை ஏற்றம் எதையும் இதுவரை ஏறியதில்லை. தொலைக்காட்சியில் 2023 தூர் தெ பிரான்ஸ் பந்தயம் பூய் தெ தோம் எரிமலையின் உச்சியில் முடிந்ததைப் பார்த்த நாளிலிருந்து, அந்த உச்சிக்கு நானும் ஒருமுறை ஓட்டிச் செல்ல வேண்டும் என்ற ஆசை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே நம்மைப் போன்றவர்கள் ஓட்ட அனுமதி உண்டா? கிளெர்மோன்-ஃபெரோனில் தங்கிக்கொண்டு நான்கு நாளும் சுற்றுவது சரியாக இருக்குமா? என் வண்டியில் முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பற்சக்கரங்களும், பின்னால் 11 முதல் 28 பல் வரையிலான பற்சக்கர வரிசையும் இருக்கின்றன. இது போதுமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கருங்கல்

வணக்கம். முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: பூய் தெ தோம் உச்சிக்கு மிதிவண்டியில் செல்ல முடியாது. முன்பு குறிப்பிட்ட சில நாட்களில், காலை வேளையில் மட்டும், ஓட்டிகளை விட்டார்கள். 2012-இல் அந்தச் சாலையின் மேலேயே பற்சக்கர ரயில் பாதையை அமைத்த பிறகு, எஞ்சியிருப்பது ரயிலை ஒட்டிய ஒடுக்கமான பாதைதான். அது பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. 1988-க்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பந்தயம் அங்கே திரும்பியபோதுகூட, கடைசி நான்கு கிலோமீட்டரில் பார்வையாளர்களை அனுமதிக்கவில்லை. மைக்கேல் வூட்ஸ் வெற்றி பெற்ற அந்த ஏற்றத்தில் சாலையோரம் வெறிச்சோடிக் கிடந்ததை நீங்களும் கவனித்திருப்பீர்கள். 1964-இல் பந்தய வீரர்கள் அங்க்கெத்திலும் புலிதோரும் தோளோடு தோள் உரசி ஏறிய புகைப்படத்தில் கூட்டம் நெருக்கியடிப்பதை நினைத்தால், அந்த அமைதி எனக்கு ஏதோ போலிருந்தது.

ஆயினும் 1,465 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியை விட்டுவிட வேண்டியதில்லை. கிளெர்மோனிலிருந்து சேசா கணவாய் வரை ஓட்டிச் சென்று, வண்டியைப் பூட்டிவிட்டு, கோவேறு கழுதைக்காரர்களின் பழைய பாதையில் நடந்தால் முக்கால் மணி நேரத்தில் உச்சியை அடையலாம். 1648 செப்டம்பர் 19 அன்று அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயுடன் ஏறிச் சென்றதும் இதே மலையில்தான். நகரத்தில் இருந்ததைவிட உச்சியில் பாதரசம் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. காற்றுக்கு எடை உண்டு என்பதற்கு அது சான்றாயிற்று. (அடிவாரத்தில் டயருக்குக் காற்றடித்தவர்கள் கவலைப்பட வேண்டாம்: உச்சியில் அளவி காட்டும் வேறுபாடு இரண்டு பிஎஸ்ஐ-கூட இருக்காது.)

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கிளெர்மோனிலிருந்து மேற்கே புறப்பட்டவுடன் மூச்சு வாங்க வைக்கும் அந்த ஏற்றம் எரிமலையின் சரிவு அன்று. லிமாஞ் சமவெளி கீழே இறங்கியபோது உண்டான நிலப்பிளவின் விளிம்பு அது. அந்த விளிம்பில் ஏறி முடித்தால் ஆயிரம் மீட்டரை ஒட்டிய மேட்டு நிலம் வரும். எண்பது சிறு எரிமலைகள் வடக்கு தெற்காக வரிசையாக அமர்ந்திருப்பது அதன்மேல்தான். சாலைகள் பெரும்பாலும் அவற்றின் இடையே புகுந்து செல்கின்றனவே தவிர, எதன் மீதும் ஏறுவதில்லை. எனவே கிளெர்மோனில் தங்கினால் தினமும் காலையில் அதே விளிம்பில் ஏறி, மாலையில் நகரப் போக்குவரத்துக்குள் இறங்க வேண்டியிருக்கும். ஒரு நாளுக்கு அது போதும். மீதி நாட்களுக்கு மோந்தோர் ஊரில் தங்கிச் சான்சி மலையைச் சுற்றலாம் என்பது என் யோசனை. 1,451 மீட்டர் உயரமுள்ள குருவா சேன்-ரொபேர் கணவாயும், தூண் தூணாகப் பிளந்த எரிமலைப் பாறைகள் எதிரெதிரே நிற்கும் கெரி கணவாயும் அங்கிருந்து எளிதில் எட்டும்.

மெதுநடை

கருங்கல் அவர்கள் சொன்னதில் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். மோந்தோர் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. நான்கு நாட்களில் மூன்றையாவது இன்னும் தெற்கே உள்ள காந்தாலுக்கு ஒதுக்குங்கள். அது தனித்தனிச் சிறு கூம்புகள் நிறைந்த இடமன்று. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் குறுக்களவு கொண்ட, பல லட்சம் ஆண்டுகளாகத் தேய்ந்துபோன ஒரே எரிமலை. பனியாறுகள் அதன் உடலைக் கீறிப் பள்ளத்தாக்குகளைக் குடைந்தன. அவை நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல எல்லாத் திசைக்கும் விரிகின்றன. ஓட்டுபவருக்கு இதன் பொருள் என்னவென்றால், பள்ளத்தாக்கு நெடுகிலும் சென்றால் சாலை மென்மையாக ஏறும். ஓர் ஆரக்காலிலிருந்து அடுத்ததற்குத் தாவினால் உடம்பு சொல்லும். வரைபடத்தில் பத்துக் கிலோமீட்டர் என்று காட்டுவதை நம்பி நேரம் கணக்கிடக் கூடாது.

முரா ஊரில் தங்கலாம். கிளெர்மோனிலிருந்து ஒரியாக் செல்லும் ரயில் அங்கே நிற்கும். காலையில் தியேன் வழியாக பா தெ பெய்ரோலுக்கு ஏறுங்கள். 1,589 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாய்தான் இம்மலைத்தொகுதியிலேயே மிக உயரமான சாலைக் கணவாய். கிழக்கேயிருந்து வரும் இந்தச் சாலை மேய்ச்சல் நிலங்களின் நடுவே நிதானமாக ஏறி, கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் தன் குணத்தைக் காட்டும். உச்சியைத் தொட்டபின் மந்தாய் ஊருக்குச் செல்லும் சாலையைப் பிடியுங்கள். ரெதொந்தே கணவாயைக் கடந்தபின் நீண்ட இறக்கம். மந்தாயிலிருந்து பெர்த்தூஸ் கணவாய், அதன் பிறகு ஃபோன் தெ சேர் கணவாய். லியொரானைக் கடந்து முராவுக்கு இறங்கிவிடலாம். சுற்று மொத்தமும் எழுபது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும்; எனக்கு அதற்கு ஒரு முழு நாள் பிடித்தது. 2024 பந்தயத்தில் பெய்ரோல் உச்சியருகே பொகாச்சார் பிரிந்து ஓட, விங்கெகோர் அவரைப் பெர்த்தூஸ் ஏற்றத்தில் எட்டிப்பிடித்து, லியொரான் முடிவுக் கோட்டில் முந்தியது இதே சாலைகளில்தான்.

மேற்கே ஃபல்கூ பள்ளத்தாக்கின் பக்கமிருந்து ஏறும் ஆசையை முதல் நாளில் விட்டுவிடுங்கள். 2020-இல் அந்தப் பக்கத்து ஏற்றத்தை 5.4 கிலோமீட்டர், சராசரி 8.1 விழுக்காடு என்று குறித்தார்கள். சராசரி என்பது இங்கே ஏமாற்று: முதல் பாதி எளிது, கடைசி இரண்டரைக் கிலோமீட்டர் பதினொன்று, பன்னிரண்டு என்று நிற்கிறது. காட்டை விட்டு வெளியே வந்ததும் கணவாய் நேரே தலைக்கு மேல் தெரியும். அவ்வளவு பக்கத்தில் தெரிவதுதான் தொந்தரவு. நான் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் இருந்த தாரை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளைக் கோடாக எண்ணிக்கொண்டு ஏறினேன்.

பற்சக்கரம்

கியர் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். பின்னால் 28 பல் போதாது. நீங்களும் வண்டியும் தண்ணீர்ப் போத்தலுமாக 83 கிலோ என்றும், நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உங்கள் வலு 180 வாட் என்றும் வைத்துக்கொண்டால், பன்னிரண்டு விழுக்காட்டு ஏற்றத்தில் மணிக்கு ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. முன்னால் 34, பின்னால் 28 பல் கொண்ட கியரில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 42 சுற்றுதான் மிதிக்க முடியும். அது மிதிப்பதன்று, மாவாட்டுவது. அதே வேகத்தை 34-34 கியரில் ஐம்பதுக்கு மேற்பட்ட சுற்றில் பிடிக்கலாம். முழங்காலுக்கு அந்த வேறுபாடு பெரிது. 11-34 பல்வரிசை வாங்கும் முன், உங்கள் பின்பக்க டெரெய்லர் (சங்கிலியைப் பல் மாற்றும் கருவி) அதைத் தாங்குமா என்றும் சங்கிலியை நீட்ட வேண்டுமா என்றும் கடையில் காட்டிக் கேளுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் மாட்டாமல், ஒரு வாரம் முன்பே மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

சாலைப்பயணி

மூவருக்கும் மிக்க நன்றி. மனக்கோட்டை கட்டியிருந்த உச்சி கைநழுவியதில் வருத்தம் இருந்தாலும், நடந்து ஏறுவது என்று முடிவு செய்துவிட்டேன். முதல் நாள் கிளெர்மோனும் சேசாவும், மறுநாள் காலை ரயிலில் முரா, பிறகு மூன்று நாளும் காந்தால். பின்சக்கரப் பல்வரிசையை மாற்றச் சொல்லி வண்டியைக் கடையில் விட்டாயிற்று. இன்னும் ஒரே ஐயம்: ஜூன் கடைசியில் இறக்கங்களில் எதற்கு அஞ்ச வேண்டும்?

மெதுநடை

சரளைக்கு. கோடையில் மலைச்சாலைகளில் தாரைத் தெளித்து, அதன்மேல் பொடிக்கற்களைக் கொட்டிவிட்டு, வண்டிகள் ஓடி ஓடியே அழுந்தட்டும் என்று விட்டுவிடுவது அங்கே வழக்கம். 'கிரவியோன்' (சரளை) என்று எழுதிய பலகையைக் கண்டால் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கைப் பிடித்து முடித்துவிடுங்கள். அந்தப் பலகையை நான் ஊர்ப்பெயர் என்று நினைத்து வளைவுக்குள் புகுந்ததன் தழும்பு இடது முழங்கையில் இன்னும் இருக்கிறது. அடுத்தது இடிமழை: பிற்பகலில்தான் வரும், எனவே ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். நடக்கப் போவதாகச் சொன்னதால் இன்னொன்றும்: க்ளீட் (மிதியோடு பூட்டிக்கொள்ளும் கொக்கி) பூட்டிய காலணியோடு அந்தப் பாதைகளில் ஏற முடியாது. மடித்து முதுகுப் பையில் வைக்கக்கூடிய மெல்லிய காலணி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பெய்ரோலிலிருந்து 1,783 மீட்டர் பூய் மரி உச்சிக்குப் போகும் படிக்கட்டுக்கும் அதுவே உதவும்.