அவில்யானா ஏரிக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். இத்தாலியில் டூரினுக்கு மேற்கே, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் அவில்யானாவின் சின்ன ஏரிக்கு ஏப்ரலில் அம்மாவைக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். பனியாறு விட்டுப்போன மண்மேடுகளுக்கு நடுவே தேங்கிய ஏரி. 1980 முதல் இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கிறார்கள். கொண்டை முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவையின் ஜோடி நடனத்தைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அலகில் நீர்ச்செடியைக் கவ்விக்கொண்டு, தண்ணீரில் நெஞ்சோடு நெஞ்சு நிமிர்ந்து நிற்குமே, அதுதான்.

ரயில் நிலையத்திலிருந்து ஏரி வரை பஸ் உண்டா? அம்மாவுக்கு மூட்டுவலி, ஏற்றம் ஆகாது. அப்புறம், முக்கியமாக ஒன்று: அது நாணலில் கூடு கட்டும் நேரம். பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் எந்தப் பக்கக் கரையில் நிற்கலாம்? டூரினில் இருப்பவர்கள் பைனாகுலர் இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.