2019 ஜாக்டோ-ஜியோ போராட்டம்: மண்டபத்தில் பெயர் கொடுத்த ஹெச்எம்

2003-ல் அரசு ஊழியர், ஆசிரியர்கள் நடத்திய வேலைநிறுத்தம் பற்றி மூத்தவர்கள் இங்கே நிறையச் சொல்லிவிட்டார்கள். அப்போது நான் வேலையிலேயே இல்லை. அதனால் 2019 ஜனவரியில், ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய ஒன்பது நாள் வேலைநிறுத்தத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளி இடைநிலை ஆசிரியை. 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவள். எங்கள் கதை தெரியும்தானே! மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370, மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. அதே வகுப்பு, அதே பாடப்புத்தகம். போதாக்குறைக்கு மாதாமாதம் சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) பிடித்தம் 10 சதவீதம். ஆக, ஜாக்டோ-ஜியோ வைத்த கோரிக்கைகளில் முக்கியமான இரண்டு என் சொந்தக் கோரிக்கைகள். நான் போராட்டத்துக்குப் போனதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஹெச்எம் அக்கா போனதுதான் எனக்கு ஆச்சரியம். சிபிஎஸ் வந்த 2003 ஏப்ரலுக்கு முன்பே சேர்ந்தவர், பழைய ஓய்வூதியம் உறுதி. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. அந்த நேரத்தில் 17பி (பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ) வாங்கினால் என்ன ஆகும் என்று ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். அப்போதெல்லாம் கடைசி நாளில்கூட சஸ்பெண்ட் ஆகலாம், பணப்பலன் எல்லாம் இழுபறியாகலாம். "நீங்க மெடிக்கல் லீவு போட்டுடுங்கக்கா, யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்று நாங்களே சொன்னோம்.

மறியலில் எங்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மதியம் சாம்பார் சாதப் பொட்டலம். சாப்பிட்டு முடிப்பதற்குள் பெயர், பதவி, பள்ளி எழுத ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். சிலர் நைசாகப் பாத்ரூம் பக்கம் நகர்ந்தார்கள் (குறை சொல்லவில்லை, எனக்கும் கை நடுங்கியது). அக்கா இனிஷியலோடு பெயரைச் சொல்லி, அவர் எழுதிய பள்ளிப் பெயரில் ஒற்றுப்பிழையையும் திருத்தினார்!

"பயமா இல்லையாக்கா?" என்றேன்.

"2003-ல மறியலுக்கே போகல. பயந்துக்கிட்டு வீட்டுலதான் உக்கார்ந்திருந்தேன். அப்பவும் டிஸ்மிஸ் ஆர்டர் வந்துச்சே. வீட்டுல இருந்தாலும் அதே ஆர்டர்தான்னா இங்கேயே இருக்கலாம்ல."

அக்கா சொன்னது 2003 ஜூலை கதை. அந்த மாதம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர், ஆசிரியர்களை எஸ்மா (அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு) சட்டத்தில் நீக்கினார்கள். ஆகஸ்ட் 6-ல் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்குச் சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மீகப்படியும் இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் கொடுத்தவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அக்காவும் எழுதிக் கொடுத்தவர்தான்.

ஆனால் 2019-ன் அந்த ஒன்பது நாளில் என்னைச் சங்கடப்படுத்தியது போலீஸ் அல்ல. எங்களுக்குப் பதிலாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கப்போவதாக அரசு அறிவித்தது. முதலில் 7,500 ரூபாய், அப்புறம் 10,000. கல்வி அலுவலகத்து வாசலில் நாங்கள் கோஷம் போட்டுக்கொண்டிருக்கிறோம், எங்களைச் சுற்றிக்கொண்டு ஒரு வரிசை உள்ளே போகிறது. அதில் ஒரு பையன், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணி வருடக்கணக்கில் காத்திருப்பவன், கையில் சான்றிதழ் ஃபைலோடு என்னிடமே வந்து, "மேடம், அப்ளிகேஷன் இங்கதான் குடுக்கணுமா?" என்றான். ஆமாம் என்று கை காட்டினேன். வேறு என்ன சொல்வது? அவனிடம் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? காலிப் பணியிடம் நிரப்புவதை எங்கள் சங்கங்கள் இன்னும் சத்தமாகக் கேட்டிருந்தால் அவன் எங்கள் பக்கம் நின்றிருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பேச்சுவார்த்தையா? உட்கார்ந்து பேரம் பேச நமக்கு எங்கே மேசை இருக்கிறது! சிபிஎஸ்ஸை ஆராய அரசு போட்டது 2016-ல் சாந்தா ஷீலா நாயர் குழு, அப்புறம் ஸ்ரீதர் குழு. அறிக்கை கொடுத்த பிறகும் தெருவுக்குத்தான் வந்தோம். ஜனவரி 30-ல், பொதுத்தேர்வு நெருங்குகிறது என்று போராட்டம் வாபஸ். கைக்கு ஒன்றும் வரவில்லை. மெமோக்கள் மட்டும் வந்தன. நடவடிக்கைகளைக் கைவிடும் அறிவிப்பு 2021-ல்தான்.

ஒரு விஷயம். வேலைநிறுத்த நாட்களையும் பிறகு பணிக்காலமாக ஏற்றுக்கொண்டார்கள். அதை உங்கள் பணிப்பதிவேட்டில் பதிந்திருக்கிறார்களா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். என்னுடையதில் நான் போய்க் கேட்ட பிறகுதான் எழுதினார்கள். வேறு யாருக்காவது இப்படி விட்டுப்போயிருக்கிறதா?