'டார்க் ஸ்லைடு': தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

ஃபிலிமுக்குத் திரும்பும் மாணவர்களுக்கான ஹாசல்பிளாட் 500சி/எம் கேமரா கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தமிழ்ப் பெயர் வைக்கப் பாக்கி இருப்பது 'டார்க் ஸ்லைடு' மட்டும். கேமராவின் பின்னால் கழற்றி மாட்டும் ஃபிலிம் பெட்டியின் முகத்தில், ஃபிலிம் மேல் ஒளி படாதபடி செருகும் மெல்லிய உலோகத் தகடு. அது உள்ளே இருந்தால் ஷட்டர் இயங்காது. வெளியே எடுத்துவிட்டால் பெட்டியைக் கழற்ற முடியாது. சுருள் பாதியில் இருக்கும்போதே கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாற முடிவது இதனால்தான். 'இருள்தகடு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– செ.

செ. அவர்களுக்கு,
இருள் + தகடு புணர்ந்தால் 'இருட்டகடு'. படிப்பவர் அதை 'இருட்டு + அகடு' என்று பிரிப்பார். அகடு என்றால் வயிறு. இயற்பியலில் அலையின் முகடு, அகடு என்கிறோமே, அதே சொல். மேலும் தகடு இருளைத் தருவதில்லை, ஒளியை மறைக்கிறது. 'மறைதகடு' என்க.
– பு.

ஐயா, மறைதகடு வினைத்தொகை. மறைக்கும் தகடா, மறையும் தகடா? மூடுபனி போல 'மூடுதகடு' தெளிவு. இல்லையேல் குறளின் 'அடைக்குந்தாழ்' இருக்கிறது. ஷட்டரையே பூட்டுவதால் 'அடைதாழ்' இன்னும் பொருந்தும்.
– ந.

தாழ் பொருந்தாது. பெரிய கேமராக்களில் 4×5 அங்குலத் தாள் ஃபிலிமை வைக்கும் ஹோல்டரிலும் இதே தகடுதான். அங்கே அது எதையும் பூட்டுவதில்லை. கைப்பிடியின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் ஃபிலிம் புதிது, கறுப்பு தெரிந்தால் எடுத்து முடித்தது, அவ்வளவே. லென்ஸ் மூடி ஏற்கெனவே இருப்பதால் 'மூடுதகடு' குழப்பும். இருட்டறை எல்லாருக்கும் தெரியும். 'இருட்டுத்தகடு' என்றால் வகுப்பில் யாரும் பொருள் கேட்கமாட்டார்கள்.

பெயரைவிட முக்கியமான ஒன்றைக் கையேட்டில் சேருங்கள். தகட்டை ஒரு மூலை முந்தும்படி சாய்த்துச் செருகக் கூடாது. பிளவுக்குள் ஒளியைத் தடுக்கும் பஞ்சும் மென்தாளும் இருக்கின்றன. மூலை முதலில் நுழைந்தால் மற்ற பக்கம் இடைவெளி விழுந்து ஒளி புகும். விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நுழையவேண்டும். வளைந்த தகடு மென்தாளைக் கிழித்துவிடும். பஞ்சு நைந்த பெட்டியில், பிளவு இருக்கும் பக்கத்திலிருந்து படத்துக்குள் வெளிச்சக் கீற்று ஓடும். பலர் அதை லென்ஸ் கோளாறு என்று நினைத்து லென்ஸைப் பிரிக்கக் கொடுக்கிறார்கள். பஞ்சையும் மென்தாளையும் மாற்றினாலே போதும்.
– தே.

தே. அம்மா சொன்னதை அப்படியே சேர்த்துவிட்டேன். வாக்குகள்: மறைதகடு 5, இருட்டுத்தகடு 3, மூடுதகடு 1. முதல் இடத்தில் 'மறைதகடு எனும் டார்க் ஸ்லைடு', பிறகு மறைதகடு மட்டும். பக்கம் இன்று இரவு போகிறது.
– செ.

அந்த 1 நான்தான். பெரும்பான்மை இலக்கணத்தை மாற்றாது; மறுபதிப்பில் 'மூடுதகடு' வரவேண்டும். தே. சொன்ன பஞ்சு, மென்தாள் அமைப்புக்கும் பெயர் இல்லை. 'ஒளிமறிப்பு' எனலாமா?
– ந.

மறித்தல் ஆட்டையும் வண்டியையும். ஒளிக்கு 'ஒளித்தடை'.
– பு.