20 இன்ச் யூனிசைக்கிள்: ரோட்டுக்கும் குதிக்கவும் எதை மாற்றலாம்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது பழகுபவர்களுக்கான, 20 இன்ச் சக்கரம் உள்ள யூனிசைக்கிள் (ஒற்றைச் சக்கர சைக்கிள்). 125 மி.மீ. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), சாதாரண சதுர முனை ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி, அதன் அச்சு முனையில்தான் கிராங்க் பொருந்தும்). தெருவைச் சுற்றி வரவும், முன்னும் பின்னும் ஆட்டி ஒரே இடத்தில் நிற்கவும் வந்துவிட்டது. இனி காலையில் 10 கிலோமீட்டர் ரோட்டில் ஓட்ட வேண்டும், படிக்கட்டு, திண்டு ஏறிக் குதிக்கவும் பழக வேண்டும். கிராங்கையும் டயரையும் மாற்றினால் இதிலேயே இரண்டும் முடியுமா?

பதில் 1:
ரோட்டுக்கு எதை மாற்றினாலும் 20 இன்ச் சரிவராது. செயினும் கியரும் கிடையாதே, பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுதான். 20 இன்ச்சில் ஒரு சுற்றுக்கு சுமார் 1.6 மீட்டர், 29 இன்ச்சில் 2.3 மீட்டர். அதாவது 10 கிலோமீட்டருக்கு 6,200 சுற்றுக்கு மேல் மிதிக்க வேண்டிய இடத்தில் 4,300 சொச்சம் போதும். 29 வாங்குங்கள், 125 கிராங்கிலேயே தொடங்குங்கள், கால் பழகியதும் 110க்கு இறங்கலாம். கிராங்க் குட்டையானால் வேகமாக மிதிப்பது சுலபம், ஆனால் மேட்டில் ஏறுவதும் சட்டென்று நிறுத்துவதும் கஷ்டமாகும்.

பதில் 2:
தயவுசெய்து இந்த வண்டியில் குதிக்காதீர்கள். சதுர முனை ஹப் அந்த அடியைத் தாங்காது, கிராங்க் லூசாகும், அச்சு வளையும். குதிப்பதற்கு ஐசிஸ் ஹப்பும் (அச்சு முனையில் பல பற்கள் உள்ள வகை) அதற்கேற்ற கிராங்கும் வேண்டும், 137 அல்லது 140 மி.மீ. நீளத்தில். டயர் 2.5 இன்ச் அகலம், காற்று குறைவாக, அது நசுங்கி எழும்பும்போதுதான் உயரம் கிடைக்கும். பெடலில் முள் இருக்கட்டும், ஆனால் முழங்காலுக்குக் கீழே பாதுகாப்புக் கார்டு கட்டாமல் ஏறவே கூடாது. பழைய வண்டியில் இதையெல்லாம் மாற்றும் செலவுக்கு குதிப்பதற்கென்றே வரும் ட்ரையல்ஸ் வண்டியையே வாங்கிவிடலாம். இருப்பதை வித்தை பழக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
இரண்டு வண்டிக்கு வசதி இல்லையென்றால் ஐசிஸ் ஹப்போடு அகல டயர் போட்ட 24 இன்ச் பாருங்கள். 29 அளவுக்கு ரோட்டில் ஓடாது, ட்ரையல்ஸ் அளவுக்குக் குதிக்காது, ஆனால் மண்பாதையில் அருமையாகப் போகும். ஒரே கிராங்கில் இரண்டு துளை உள்ளதாக வாங்குங்கள், உதாரணமாக 127/150. ரோட்டுக்கு 127, கரடுமுரடுக்கு 150, பெடலைக் கழற்றி மாட்டினால் போதும். இடது கிராங்க் இடது பக்கம்தான் இருக்க வேண்டும். மாறினால் மிதிக்க மிதிக்க பெடல் கழன்று மரையே போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. முதலில் 29, குதிப்பது பிறகு. பிரேக் வேண்டுமா? எங்கள் பக்கம் நீளமான இறக்கம் ஒன்று உண்டு.

பதில் 1:
அப்படியானால் கட்டாயம் வேண்டும். குட்டைக் கிராங்கில் இறக்கம் முழுவதும் காலாலேயே அடக்கினால் முட்டி போய்விடும். ஃபிரேமில் பிரேக் மாட்ட இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். டிஸ்க் என்றால் ஹப்போ கிராங்கோ அதற்கானதாக இருக்க வேண்டும். லீவர் சீட்டுக்கு அடியில் வரும். முதலில் சமதளத்தில் லேசாகப் பிடித்துப் பழகுங்கள், மொத்தமாக அழுத்தினால் சக்கரம் நின்று நீங்கள் முன்னால் விழுவீர்கள்.