வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று: எத்தனை கிணறு, எந்த மாதம்?

செம்மண்:

எல்லோருக்கும் வணக்கம். கம்பஸில் இறுதி வருடம். யாழ்ப்பாணம் வலிகாமத்தில் சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் தோட்டக் கிணறுகளிலும் வீட்டுக் கிணறுகளிலும் நைத்திரேற்று (பசளையிலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேர்கிற நைதரசன் சேர்வை) எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. திட்டம் என்னவென்றால் ஒரே கிழமையில் 60 கிணறு, எல்லாவற்றிலும் ஒவ்வொரு போத்தல், பிறகு ஒரு வரைபடம். சுப்பர்வைசர் வழுக்கையாற்றையும் சேர்க்கச் சொல்கிறார், ஆனால் அது மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு, நான் தொடங்கப்போவது ஆவணியில், அப்போது அங்கே மாடுதான் மேயும். ஆய்வுகூடச் செலவு கட்டாது, அதனால் நிறம் மாறுகிற பரிசோதனைத் தாளை வைத்தே சமாளிக்கலாமா?

இன்னொன்று. ஒரு வீட்டில், "நல்லாக் கொதிக்க வைத்துத்தான் குழந்தைக்குப் பால்மா கரைக்கிறோம், பயமில்லைத்தானே?" என்று கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஐஸ்பெட்டி:

கடைசிக் கேள்விக்கு முதலில். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கிற குழந்தைதான் இதில் ஆபத்துக்குள்ளாவது, இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாயும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருப்பது அந்தக் குழந்தைகளை மனதில் வைத்துத்தான். உங்கள் ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல், பால்மாவுக்கு வேறு தண்ணீர் எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் பகுதி பி.எச்.ஐ.யிடமும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும்) சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அலகு. ஆய்வுகூட அறிக்கையில் 12 என்று வந்தால் அது நைத்திரேற்றா, நைத்திரேற்றில் உள்ள நைதரசனா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். நைதரசன் கணக்கை 4.43ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்றுக் கணக்கு. நைத்திரேற்றாக 12 என்றால் நல்ல தண்ணீர், நைதரசனாக 12 என்றால் 53, எல்லை தாண்டியாயிற்று. இதைக் குழப்பி அடித்த ஆய்வேடுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன, வரைபடம் எல்லாம் வண்ணத்தில் வடிவாக இருக்கும்.

பரிசோதனைத் தாள் எந்தக் கிணற்றை விரிவாகப் பார்க்கலாம் என்று முன்கூட்டி வடிகட்டப் பயன்படும், ஆய்வேட்டில் போடுகிற எண்ணுக்கு உதவாது. போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலம்பி, நிரப்பி, உடனே ஐஸில் வையுங்கள். வெயிலில் மோட்டார் சைக்கிளில் பின்னேரம்வரை கொண்டு திரிந்தால் போத்தலுக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் உங்கள் நைத்திரேற்றை மாற்றிவிடும். முதலில் வெப்பநிலை, பிறகு மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), pH, எல்லாம் கிணற்றடியிலேயே அளந்து எழுதுங்கள்.

60 கிணறு வேண்டாம். 15 எடுங்கள், ஆனால் அதே 15க்கும் திரும்பத் திரும்பப் போங்கள்: ஆவணியில், முதல் மழை விழுந்த கையோடு, மார்கழியில், பிறகு மாசியில்.

பத்துப்பரப்பு:

தம்பி, நான் படித்த ஆள் இல்லை, தோட்டம் செய்கிறவன். ஆவணியில் வந்து ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு போனால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. கோடை முழுக்க நாங்கள் போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் செம்மண்ணுக்குள்ளேயே கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை அடித்து ஊற்றும்போது அது கீழே இறங்கும். எங்கள் மண் ஆழமும் இல்லை, தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கிற மண்ணும் இல்லை, அதற்குக் கீழே ஓட்டை விழுந்த சுண்ணக்கல். பிறகு எங்கே நிற்கும்?

கிணறு வெட்டினவனிடம் கேளுங்கள், தோட்டம் செய்கிறவனிடம் கேளுங்கள், எப்ப வெங்காயம் நட்டாய், எப்ப பசளை போட்டாய், எத்தனை பேர் பங்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இறைக்கிறாய் என்று. என் அப்பா காலத்தில் துலா. அதால் இறைக்கிறதுக்கு ஓர் அளவு இருந்தது, பனையோலையும் பூவரசங்குழையும் தாழ்ப்போம், மாட்டெரு போடுவோம். இப்போது மோட்டரைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், எல்லாப் பழியையும் தோட்டக்காரன் தலையில் கட்டாதீர்கள். வீட்டுக்கு வீடு குழி மலசலகூடம். கிணற்றிலிருந்து 50 அடி தள்ளிக் கட்டினால் சரி என்று சொல்லிவிட்டுப் போவார்கள், சுண்ணக்கல் வெடிப்புக்கு 50 அடியும் ஒன்றுதான் 5 அடியும் ஒன்றுதான்.

கடல்மட்டம்:

பத்துப்பரப்பு அண்ணை சொன்ன அந்தச் சுண்ணக்கல்தான் கதையே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் இறங்கி, கீழே இருக்கிற உப்புநீருக்கு மேல் வில்லை மாதிரி மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர்வரை நன்னீர் இருக்கலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு, வெடிப்பும் குகையும் உள்ள பாறையில் அது அப்படியே பொருந்தாது, ஆனால் மேலே கொஞ்சம் குறைந்தால் கீழே நிறையப் போகும் என்பது மட்டும் உண்மை. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். கீரிமலையில் அதே நன்னீர் கடலுக்குப் பக்கத்தில் ஊற்றாக வெளியே வருகிறது.

அதனால் நைத்திரேற்றை மட்டும் அளக்காதீர்கள், குளோரைட்டும் அளங்கள். கடல்நீரில் குளோரைட்டு லீற்றருக்கு சுமார் 19,000 மில்லிகிராம், ஒரு வீதம் கலந்தாலே 190 கூடிவிடும். குளோரைட்டு ஏறி நைத்திரேற்று ஏறாவிட்டால் உப்புநீரைச் சந்தேகியுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் மலக்குழியாகவும் இருக்கலாம், திரும்பத் திரும்ப இறைத்து ஆவியான பாசனநீராகவும் இருக்கலாம். உரமா மலக்குழியா என்று பிரிக்க நைதரசன், ஒட்சிசன் சமதானிகள் (ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்) உதவும்தான், ஆனால் மாட்டெருவும் மனிதக் கழிவும் அதில் ஒன்றுபோலவே தெரியும். இளமாணி ஆய்வுக்கு அந்தச் செலவு தேவையில்லை. கிணற்றைச் சுற்றி என்ன இருக்கிறது என்ற குறிப்பும் கோலிபோம் (மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டுகிற பற்றீரியா) பரிசோதனையும் போதும்.

வழுக்கையாறு பற்றி உங்கள் சுப்பர்வைசர் சொன்னது சரி. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடனீரேரிக்குப் போகிற அந்த ஓட்டம் மாரியில் தோட்டங்களைக் கழுவிக்கொண்டு வருகிறது, போகிற வழியில் நிலத்துக்குள்ளும் இறங்குகிறது. ஆவணியில் அது உங்களுக்குத் தேவையில்லை. முதல் வெள்ளம் வருகிற நாளில் மேலே ஓரிடம், அராலி அணைக்கு முன்னால் ஓரிடம், கரையோரக் கிணறு இரண்டு, இவற்றில் மட்டும் தண்ணீர் எடுங்கள்.

ஐஸ்பெட்டி:

கடல்மட்டம் சொன்னதோடு ஒன்று. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை நீதிமன்றம்வரை போய், 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அப்படி ஒரு பிரச்சினை வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது முந்தின வருடத்துக் கிணற்று அளவீட்டைத்தான். 15 கிணற்றின் இடத்தையும் திகதியையும் ஒழுங்காக எழுதி வைத்தால் அடுத்த மாணவருக்கும் அது உதவும்.

செம்மண்:

நன்றி அக்கா, அண்ணைமார். 60ஐ 15 ஆக்கினேன், நாலு சுற்று. ஆனால் தோட்டக்காரர் சிலர் "எங்கட தண்ணி பழுது என்று எழுதப் போறியோ, பிறகு எங்கட வெங்காயத்தை யார் வாங்குவான்" என்று விரட்டுகிறார்கள். என்ன செய்வது?

பத்துப்பரப்பு:

அவர்களுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள், கணக்கோடு போங்கள். கிணற்றில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பரப்புக்கு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) 100 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் இறைத்தால் அந்தத் தண்ணீரோடு போகிற நைதரசன் ஏறக்குறைய 600 கிராம் யூரியாவில் இருக்கிற அளவு. என் மகன் போட்டுப் பார்த்துச் சொன்னான். ஒரு போகத்துக்கு அப்படி ஐந்து தரம் போனால் பரப்புக்கு 3 கிலோ யூரியா, பத்துப் பரப்புக்கு 30 கிலோ. பசளை விற்கிற விலையில் அதைக் குறைக்கலாம் என்றால் யார் விரட்டப் போகிறான்? கிணற்றுச் சொந்தக்காரர் பெயரைப் போடமாட்டேன், இலக்கம்தான் போடுவேன் என்றும் சொல்லுங்கள், முடிவை அவர்களுக்குத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

என் கிணற்றையும் சேர்க்கலாம். மோட்டர் போடுகிறது காலை ஆறரைக்கு, போடுவதற்கு முன்னால் ஒன்று, அரை மணித்தியாலம் ஓடின பிறகு ஒன்று எடுங்கள், இரண்டும் ஒன்றாக வராது.

ஐஸ்பெட்டி:

வராது. இரண்டையும் எடுங்கள், எது எந்த நேரத்தது என்று போத்தலில் அழியாத மையால் எழுதுங்கள், ஐஸில் பேனா மை கரைந்துவிடும்.