பொண்ணுக்கு 70 நாளா பீரியட்ஸ் வரல, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தோழிகளே, என் பொண்ணுக்கு 14 வயசு. பெரியவளாகி ஒன்றரை வருஷம் ஆச்சு. காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்: 32 நாள், அடுத்தது 51, இப்போ 70 ஆகியும் வரல. போன தடவை 9 நாள் நிக்கவே இல்ல. யூனிஃபார்ம்ல கறை பட்டு, பையால மறைச்சுக்கிட்டு அழுதுட்டே வந்தா.

மாமியார் எள்ளுருண்டை கொடுன்றாங்க. கொடுக்கிறேன், சத்துதானே! ஆனா நர்ஸ் அக்கா சொன்னது வேற. முதல் ரெண்டு மூணு வருஷம் கருமுட்டை மாசாமாசம் வெளியாகாது, 45 நாள் வரை தள்ளிப்போகலாமாம். 90 நாள் தாண்டினாலோ, 7 நாளுக்கு மேல போனாலோ டாக்டரைப் பார்க்கணுமாம். அதனால இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன்.

தைராய்டு, ஹீமோகுளோபின் டெஸ்ட்டோட ஸ்கேனும் எடுப்பாங்களா? வயித்து மேலதானே வச்சுப் பார்ப்பாங்க? அதுக்குத்தான் பயப்படுறா. லேகியம் விக்கிறவங்க தயவுசெஞ்சு இன்பாக்ஸ் வராதீங்க.