பிரஷர் மெஷினில் மின்னிய இதயக் குறி

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர், வயது 70க்கு மேல். வீட்டில் பிரஷர் பார்க்கும்போதெல்லாம் மெஷின் திரையின் ஓரத்தில் ஓர் இதயக் குறி விட்டுவிட்டு மின்னும். பேட்டரி போயிருக்கும் என்று தம்பி புதுசு போட்டான். அப்புறமும் மின்னியது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவும் கிடையாது. நடந்தால் கொஞ்சம் அசதி. வயசாகிவிட்டது என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அசதிதான்.

அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) மெஷினை ஒதுக்கிவிட்டு, மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணினார். "ரெண்டு துடிப்பு ஒட்டி வருது, அடுத்தது லேட்டா வருது. ஒழுங்கே இல்ல ஐயா" என்றார். ஈசிஜியில் தெரிந்துவிட்டது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்குவதால், இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். மற்றவர்களைவிட இவர்களுக்கு ஆபத்து சுமார் 5 மடங்கு.

ஆஸ்பிரின் போதாதா என்று கேட்டேன். இதற்குப் போதாது என்றார் டாக்டர். வயது, இரத்த அழுத்தம், இனிப்புநீர் (சர்க்கரை நோய்) எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எழுதினார். துடிப்பின் வேகத்தைக் குறைக்கத் தனி மாத்திரை. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் எண் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரை இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்று அம்மா பயந்து கீரையையே நிறுத்திவிட்டார். மருந்தகத்தில், "நிறுத்தாதீங்கம்மா, எப்போதும் ஒரே அளவா கொடுங்க" என்றார்கள். மூட்டுவலிக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த ஜாமு என்ற மூலிகை மருந்துக்குத்தான் கண்டிப்பாகத் தடை. அப்பாவுக்கு அதில்தான் வருத்தம்!

*

அண்ணே, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். எங்கள் அத்தைக்கும் இதேதான். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை அவராகவே விட்டுவிட்டார். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, கை தூக்க முடியவில்லை. அவசர எண் 999க்கு அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் முதலில் கேட்டது, "கடைசியாக நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?" கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அத்தை தனியாக இருப்பவர், எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஊசி போடவில்லை. இப்போது கைத்தடியோடு நடக்கிறார்.

அவருக்கு இப்போது இரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான அபிக்சபான் கொடுக்கிறார்கள். ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை, சிறுநீரகத்தை மட்டும் அவ்வப்போது சோதிக்கிறார்கள். ஆனால் வேளை தவறக் கூடாது, அதன் வேலை சீக்கிரம் இறங்கிவிடும். அப்பாவுக்குப் பல் பிடுங்குவதாக இருந்தால் வார்ஃபரின் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அண்ணே. நீங்களாக நிறுத்த வேண்டாம்.